கல்யாணராமன் பிடிபட்ட வாரம்

“என்னைப் பிடிச்சு ஓர் இடத்துல வைக்கறதுக்கு இந்த டெல்லியில இன்னும் ஒருத்தன் பொறக்கலை, ஓய்.”

ஆர்.கே.புரத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்த மாலையில், ஒரு கையில் கேசரித் தொன்னையும் மறு கையில் ஸ்கூட்டர் சாவியுமாக நின்றுகொண்டு, செக்‌ஷன் ஆபீசர் கல்யாணராமன் வெளியிட்ட பிரகடனம் இது. கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து பிளாக் ராஜகோபால். அடுத்த ஏழாவது நிமிடம் மேடையில் துணைச் செயலாளர் பதவிக்குக் கல்யாணராமனின் பெயர் முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் தொன்னை மட்டும் இருந்தது. கேசரி இல்லை.

வெறும் வாய்ச்சவடால் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கை முழுவதும் இதற்கு ஆதாரம் சிதறிக் கிடக்கிறது. மத்திய அமைச்சகம் ஒன்றில் முப்பத்தொரு வருட சர்வீஸ். ஐந்து தேர்தல் பணிகளிலிருந்து ஐந்து வெவ்வேறு உறுப்புகளின் வலியைக் காட்டி வெளியே வந்தவர். துக்கம் கேட்கப் போன வீட்டில் நான்கு நிமிடத்துக்கு மேல் அவர் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அவருடைய கல்யாணத்திலேயே, தாலி கட்டி முடித்த அரை மணியில் மாப்பிள்ளையைக் காணவில்லை. ஸ்டேஷனுக்குப் போய், திரும்பும் ரயிலுக்குக் கோச் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மகள் அனன்யா பிறந்த நேரத்தில் மருந்துக் கடையில் இருந்தார். கடையில் அவர் வாங்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

மனைவி ருக்கு இதைப் பெரிது பண்ணவில்லை. இருபத்தெட்டு வருடம் அவருக்குக் காபியை மூடி போட்ட டம்ளரில்தான் கொடுத்தாள். “எப்படியும் பாதியில எழுந்து போவார். வந்து குடிக்கட்டும்” என்பாள்.

இவ்வளவு புகழுக்குரிய மனிதரின் சாதனைகளில் ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் வெளியே யாருக்கும் தெரியாது. போன வருடம் மார்ச் மாதம் ருக்கு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதினோராம் நாள் காலை பதினோரு மணிக்கு, “ரிப்போர்ட் வாங்கிண்டு வந்துடறேன்” என்று கல்யாணராமன் வார்டை விட்டு வெளியே போனார். இரண்டு பத்துக்கு ருக்கு போய்விட்டாள். பக்கத்தில் அனன்யா மட்டும் இருந்தாள். கல்யாணராமன் திரும்பி வந்தபோது மாலை ஐந்தரை. கவுண்டரில் பெரிய க்யூ என்றார். பிரிண்டர் வேறு பழுது என்றார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட் கவுண்டர் கிடையாது. வருடத்தின் அத்தனை விடுமுறைகளையும், எந்தப் பண்டிகை சனிக்கிழமையில் விழுந்து வீணாகிறது என்பது உட்பட, ஜனவரியிலேயே மனப்பாடம் பண்ணி வைக்கும் ஓர் அரசு ஊழியர், ஞாயிற்றுக்கிழமையை மறந்து ஒரு பொய் சொன்னார். சொன்ன மூன்றாம் நாள்தான் அவருக்கே உறைத்தது. மகளுக்கு உறைத்ததா என்பது தெரியவில்லை.

ஆனால் அந்த நாளைப் பற்றி அவள் கேட்டிருக்கிறாள். மூன்று தடவை. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து வீடு காலியானதும் ஒரு தடவை. குக்கர் சத்தம் போடுவதாகச் சொல்லி அவர் சமையலறைக்குப் போனார். குக்கர் அடுப்பிலேயே இல்லை. தீபாவளியன்று ஒரு தடவை. ராஜகோபால் கூப்பிடுவதாகச் சொன்னார். மூன்றாவது தடவை காரில். சிவப்பு விளக்கில் இறங்கி, பின் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார்.

இப்போது அனன்யாவுக்கு டப்ளினில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிறு காலை விமானம். அதற்குள் நாலாவது தடவை கேட்பாள் என்று கல்யாணராமனுக்குத் தெரியும். அதிலும் நழுவிவிட்டால் ஐந்தாவது என்று ஒன்று இருக்காது என்பதும் தெரியும். போவாள், வாராவாரம் வீடியோவில் வருவாள், ‘சாப்டியாப்பா, மாத்திரை போட்டுண்டியா’ என்று கேட்பாள், ஒரு நல்ல அண்டை வீட்டுக்காரி கேட்பதைப்போல. பெற்ற பெண் அப்படி ஆகிவிடுவதை அவர் விரும்பவில்லை. பதில் சொல்லவும் விரும்பவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் விரும்பாமல் இருப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“போறதுக்கு முன்னாடி உனக்கு என்ன வாங்கித் தரட்டும்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் வேண்டாம். ஒரு வாரம் என்கூட க்ளாஸுக்கு வா.”

க்ளாஸ் என்றால் முனிர்க்காவில் அவள் நாலு வருடமாகப் போய்க்கொண்டிருக்கும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. ஒருவரையொருவர் தரையில் புரட்டி, மேலே ஏறி அமுக்கி, கையையோ கழுத்தையோ மடக்கும் வித்தை. ஐம்பத்து நாலு வயதில், கொலஸ்ட்ரால் மாத்திரையுடன் ஒருவர் யோசிக்க வேண்டிய விஷயம். கல்யாணராமன் யோசிக்கவே இல்லை. சரி என்றார்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. பெண் வீட்டில் இருக்கும் நேரம் மாலை மட்டும். மாலை முழுவதும் இருபது பேர் நடுவே கழிந்தால், கேட்பதற்கு அவளுக்கு இடமே கிடைக்காது. மல்யுத்தத்தில் ஒளிந்துகொண்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

ஜிம் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. நவம்பர் புகைக்குப் பயந்து ஜன்னல்களை மூடியிருந்தார்கள். ஆகவே உள்ளே கால் வாசனையும் கீழ்க் கடை மோமோ வாசனையும் சமபங்கில் நிலவின. பயிற்சியாளர் தோம்பா, இம்பாலிலிருந்து வந்தவர். ஒல்லி, கொண்டை, யாரிடமும் குரல் உயர்த்தாத ஆள். அனன்யாவின் பழைய வெள்ளை அங்கி ஒன்றைக் கல்யாணராமனுக்கு மாட்டி, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிவிட்டு, இந்தியில் முதல் விதியைச் சொன்னார்.

“மாட்டிக்கிட்டீங்க, தாங்க முடியலை, அப்படின்னா தட்டுங்க அங்கிள்ஜி. தரையில தட்டலாம், அவன் மேல தட்டலாம். ரெண்டு தட்டு. தட்டினா உடனே விட்டுடணும். அதுதான் இங்க சட்டம்.”

“ஏன்னு கேக்க மாட்டாங்களா?”

“கேக்கக் கூடாது.”

கேஷுவல் லீவ், ஈட்டிய விடுப்பு, அரைச் சம்பள விடுப்பு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டவர் கல்யாணராமன். விண்ணப்பம் இல்லை, மேலதிகாரி கையெழுத்து இல்லை, மெடிக்கல் சர்டிஃபிகேட் இல்லை. இரண்டு தட்டு, அந்த நொடியே விடுதலை. இந்தியாவைப் பிரேசில்காரர்கள் ஆண்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அந்தத் திங்கட்கிழமை மாலை அவர் பத்தொன்பது தடவை தட்டினார். சட்டையைப் பிடித்ததும் தட்டினார். பிடிக்க வருவதுபோல் தெரிந்ததும் தட்டினார். ரஷ்யத் தூதரகத்தில் டிரைவராக இருக்கும் ஒருவர் எதிரே வந்து குனிந்ததும் தரையில் படபடவென்று தட்டிவிட்டார்.

“அங்கிள்ஜி, அவர் வணக்கம் சொல்ல வந்தார்” என்றார் தோம்பா.

எல்லாரும் சிரித்தார்கள். அனன்யா சிரிக்கவில்லை. பயிற்சி விரிப்பான மேட்டின் மறு ஓரத்தில் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது ஆட்டோவில், “அச்சா, புரிஞ்சுது, நீ தட்டறதுக்குன்னே வந்திருக்கே” என்றாள்.

“சட்டத்துல இருக்கே.”

“இருக்கு” என்றாள். பிறகு ஆட்டோ சத்தத்தில் பேச முடியாது என்று இருவருமே ஒப்புக்கொண்டதைப்போல் வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவருடைய பொற்காலம். உடம்பில் வலிக்காத இடம் காது மடல் மட்டும் என்றாலும், அன்று சொல்லிக் கொடுத்தது தப்பிக்கும் பயிற்சி. மல்லாந்து படுத்து, காலை ஊன்றி, இடுப்பைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி எதிராளியின் அடியிலிருந்து வெளியேற வேண்டும். அந்த அசைவுக்கு இறால் என்று பெயர். வெங்காயம்கூடச் சேர்க்காத வம்சத்தில் வந்த கல்யாணராமன், முனிர்க்காவின் மூன்றாவது மாடியில் இறாலாக மாறி, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தார். அதுவும் எல்லாருக்கும் முன்னால்.

தோம்பா கண்ணை விரித்துவிட்டார். “ஆறு மாசம் ஆகும் அங்கிள்ஜி இது வரதுக்கு. உங்களுக்குப் பிறவியிலேயே இருக்கு.”

அடுத்த நாள் காலை பால் பூத்தில் ராஜகோபாலைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன ஓய் நொண்டறீர்?” என்றார் ராஜகோபால்.

“குஸ்தி. பிரேசில் குஸ்தி.”

“உமக்கெதுக்கு அதெல்லாம்? யாரை அடிக்கப் போறீர்?”

“அடிக்கறதா? அதெல்லாம் சில்லறை வேலை ஓய். மேல விழுந்து அமுக்கறான்கள், நான் பாட்டுக்கு வெளியில வந்துடறேன். மாஸ்டரே அசந்து போயிட்டான்.”

“அது எங்களுக்குத் தெரியாதா என்ன” என்று ராஜகோபால் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டார். “துணைச் செயலாளர் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு.”

அந்தப் பெருமையோடுதான் புதன்கிழமை போனார்.

புதன்கிழமைப் பாடம் மணிக்கட்டுப் பிடி. எதிராளி மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது என்பது. தோம்பா கல்யாணராமனின் கையைப் பிடித்துக் காட்டி விளக்கினார். நாலு விரல்களை எதிர்த்து இழுத்தால் வராது. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிடியில் ஒரு பலவீனமான இடம் உண்டு, கட்டை விரல் பக்கம். அந்த வழியாகத் திருப்பி இழுக்க வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு கையால் விரல்களை...

அவர் முடிப்பதற்குள் கை வெளியே வந்துவிட்டது.

“அரே வாஹ்” என்றார் தோம்பா. “மறுபடி.”

இன்னும் இறுக்கிப் பிடித்தார். மறுபடியும் வந்துவிட்டது. கட்டை விரல் பக்கமாக, மிருதுவாக, பிடித்தவருக்கு வலிக்காமல்.

“இதை எங்கே கத்துக்கிட்டீங்க அங்கிள்ஜி?”

அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கல்யாணராமன் சிரிப்பதற்காக வாயைத் திறந்தார். திறந்தது அப்படியே நின்றது. பாத்ரூம் எங்கே என்று கேட்டார். மூன்று நாளாக அவருக்கு அது தெரியும்.

கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் பக்கெட்டில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ருக்கு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாளாக ஸ்பூன் தூக்க முடியாத கை அது. எங்கிருந்து அப்படி ஒரு பலம் வந்ததோ, பிடித்தது பிடித்தபடி இருந்தாள். பேசவில்லை. அவரைப் பார்க்கக்கூட இல்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம், கால் மணி, இருபது நிமிடம். அவள் கை இலேசாகச் சூடாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ தன்னை ஓர் இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அது ஏன் என்பதும் தெரிந்தது. அது தெரிந்தவுடன் இன்னொரு கையால் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கட்டை விரலில் ஆரம்பித்து. ரிப்போர்ட் வாங்கிண்டு வந்துடறேன் என்றார்.

பக்கெட் நிரம்பி வழிய ஆரம்பித்தது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தபோது அனன்யா கதவுக்கு இரண்டடி தள்ளி, தண்ணீர் பாட்டிலுடன் நின்றுகொண்டிருந்தாள்.

“தபியத் சரியில்லையா? தலை சுத்தறதா?”

“பெல்ட் அவிழ்ந்துடுத்து” என்றார்.

வியாழக்கிழமை ஆபீசில் ஆடிட் என்று போன் பண்ணினார். ஆடிட் இல்லை. மெட்ரோவில் ஆர்.கே.புரத்தில் இறங்கி, வீட்டுக்கும் போகாமல், மலை மந்திர் படிக்கட்டில் ஏறுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். முருகனிடம் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. முருகன் என்ன கேள்வி கேட்பாரோ என்று மேலே சந்நிதிவரை போகவில்லை. கீழே ஷூ வைக்கும் இடத்தில் ஒரு குழந்தை தன்னுடைய ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. எட்டரை மணி வரை உட்கார்ந்திருந்து, கசங்கிய முகத்துடன் ஆடிட் முடித்தவரைப்போல் வீட்டுக்குப் போனார்.

அனன்யா சப்பாத்தி பண்ணி மூடி வைத்திருந்தாள். “ஆடிட் எப்படி போச்சு?”

“போச்சு.”

“க்யூ இருந்துதா?”

சப்பாத்தியைப் பிய்த்த கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அவள் பெட்டிக்குள் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் கல்யாணராமனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறது என்று. ஒன்றரை வருடமாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த நாள் அவரை யாரும் வற்புறுத்தவில்லை; தானாகவே போனார். அன்று எதிரே வந்தவர் தஹியா, வஸந்த் குஞ்சில் பிராபர்ட்டி டீலர், தொண்ணூற்றாறு கிலோ. அவர் மேலே படுத்தபோது கல்யாணராமனுக்கு ஒரு கட்டடமே பத்திரப் பதிவாகித் தன் பேருக்கு வந்துவிட்டதைப்போல் இருந்தது. ஒன்பது தடவை தட்டினார். ஒவ்வொரு தடவையும் தஹியா, “சாரி அங்கிள்” என்று எழுந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடி படுத்தார்.

பயிற்சி முடிந்து தோம்பா மேட்டைத் துடைக்கும்போது, ஓரத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கல்யாணராமனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டா? நீங்க வலிக்கறதுக்குத் தட்டலை.”

“பின்ன?”

“வலிக்கப்போகுதுன்னு தட்டறீங்க. ரெண்டும் வேற.”

“எனக்கு எதுக்கு வலிக்கணும்கறே?”

“வேண்டாம்தான்” என்று தோம்பா ஒப்புக்கொண்டார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கல்யாணராமன் ஒரு முடிவோடு அனன்யாவின் அறை வாசலில் போய் நின்றார். அவள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை பார்க்கும் மெஷின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியோடு எவ்வளவு, பெட்டி இல்லாமல் எவ்வளவு, கழித்தால் எவ்வளவு.

“அனன்யா.”

“ஹான் பா.”

அவருடைய வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. எழுவாய், பயனிலை எல்லாம் இருந்தன. “பாஸ்போர்ட் எடுத்து வெச்சுண்டியா?” என்று வெளியே வந்தது.

“வெச்சுண்டாச்சு” என்றாள். மெஷினிலிருந்து இறங்கினாள்.

சனிக்கிழமை பாடம் கிடையாது, சண்டை மட்டும். ஆறு நிமிடச் சுற்றுகள். புகை அதிகமென்று பாதிப் பேர் வரவில்லை. தோம்பா எடை பார்த்து ஜோடி சேர்த்தார். கல்யாணராமன் அறுபத்து மூன்று கிலோ. அதற்குப் பக்கத்தில் வருகிறவள் ஒருத்தி மட்டும்தான் இருந்தாள்.

“நான் ஓரமா உக்காந்து பாக்கறேனே” என்றார் கல்யாணராமன்.

“ஆறு நிமிஷம்தான் அங்கிள்ஜி.”

அப்பாவும் பெண்ணும் மேட்டில் எதிரெதிரே மண்டியிட்டார்கள். கைகளைத் தட்டிக்கொண்டார்கள், வழக்கப்படி. அவளைத் தொட்டு எத்தனை வருடம் இருக்கும் என்று அந்தக் கணத்தில்தான் அவர் யோசித்தார். பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தவளைத் தூக்கியது. பிறகு, அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் தொடுவதில்லை. பாசத்தைத் தட்டில் பரிமாறுவார்கள். ருக்கு போன அன்றுகூட இரண்டு பேரும் ஆஸ்பத்திரி நாற்காலியில் நடுவே ஒரு நாற்காலி விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாற்காலியில் பை இருந்தது.

முதல் நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது நிமிடம் அவள் சட்டைக் காலரைப் பிடித்தாள், தரை புரண்டது, அவர் மல்லாந்திருந்தார். அவள் குறுக்கே, மார்புக்கு மேல் மார்பாக, ஒரு கை அவர் கழுத்துக்கு அடியிலும் ஒரு கை இடுப்போரத்திலுமாக, தலையை அவர் காதோரம் வைத்துப் படுத்துவிட்டாள். கனம் முழுவதையும் இறக்கினாள். ஆனால் எதையும் முறுக்கவில்லை, மடக்கவில்லை. அப்படியே இருந்தாள்.

“அப்பா.”

“ம்.”

“அன்னிக்கு எங்க போயிருந்தே?”

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் இரைத்துக்கொண்டும் உருண்டுகொண்டும் இருந்தார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. கூட்டத்தில் கேட்க மாட்டாள் என்று ஒரு வாரமாக அவர் ஒளிந்திருந்த இடம், வீட்டைவிடத் தனிமையானது.

“ரிப்போர்ட் வாங்க...”

“சண்டேப்பா அன்னிக்கு. கவுண்டர் பந்த்.”

அவர் மூச்சு வாங்கினார்.

“நான் கீழ போய்ப் பாத்தேன்” என்றாள் காதுக்குள். “அம்மா போனப்புறம். உன்னைத் தேடிண்டு. ஷட்டர் போட்டிருந்தது. அங்கயே கொஞ்ச நேரம் நின்னேன், நீ வருவியோன்னு.”

கல்யாணராமனின் வலது கை தரையிலிருந்து எழுந்தது. அந்தக் கைக்கு வேறொன்றும் தெரியாது. ஐந்து நாளில் நாற்பது தடவைக்கு மேல் செய்த வேலை. அனன்யா அதைப் பார்த்தாள்.

“தட்டணும்னா தட்டுப்பா. விட்டுடறேன். அப்புறம் கேக்க மாட்டேன்.”

குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் அங்கே சட்டம். அவள் சட்டத்தைச் சொன்னாள். கை காற்றில் நின்றது. இரண்டு தட்டு. நாளைக் காலை ஏர்போர்ட். அப்புறம் வாராவாரம் சாப்டியாப்பா.

“மெட்ரோல போனேன்” என்றார்.

“எங்க?”

“எங்கயும் இல்லை. கடைசி ஸ்டேஷன், பொட்டானிகல் கார்டன் வரைக்கும் போனேன். இறங்கி எதிர்ப் பக்கம் ஏறினேன். மறு கோடி, ஜனக்புரி வந்துடுத்து. திரும்பவும் ஏறினேன்.”

“நான் போன் பண்ணினேனே.”

“பதினேழு தடவை.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “சைலன்ட்ல போட்டுக் கையில வெச்சுண்டிருந்தேன். ஒவ்வொண்ணும் பாத்தேன். பதினாலாவது வரச்சே புரிஞ்சுடுத்து.”

அவள் கனம் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

“அவ என் கையைப் பிடிச்சுண்டிருந்தா, அனன்யா. விடவே இல்லை. நான்தான் எடுத்துட்டுப் போனேன். விரலை ஒண்ணொண்ணா.” நிறுத்தினார். “வலிக்காமதான் எடுத்தேன்” என்றார். அதை ஏன் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

பக்கத்தில் தஹியா யாரையோ புரட்டினார். தரை அதிர்ந்தது.

“அம்மா ரெண்டு தடவை கேட்டா உன்னை” என்றாள் அனன்யா.

“என்ன சொன்னே?”

“ரிப்போர்ட்டுக்குப் போயிருக்கார், க்யூல நிக்கறார்னு சொன்னேன்.”

“அவ?”

“‘அவரா? க்யூலயா?’ன்னா.” அவள் குரல் ஓர் இடத்தில் சறுக்கிப் பிறகு நின்றது. “சிரிச்சாப்பா. நிஜமாவே சிரிச்சா.”

கல்யாணராமனின் கழுத்தில் ஏதோ ஈரம் இறங்கியது. தோம்பாவின் ஜிம்மில் ஒருவர் கழுத்தில் விழும் எந்த ஈரமும் வியர்வை என்றே கொள்ளப்படும். நவம்பராக இருந்தாலும், மேலே படுத்திருப்பவளுக்கு வியர்க்கும் அளவுக்கு எதுவும் நடந்திருக்காவிட்டாலும். அவருடைய காதுக்குள்ளும் கொஞ்சம் போனது. அது யாருடையது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

மணி அடித்தது. ஜோடிகள் விலகி எழுந்தன. இரைத்தபடி பாட்டில்களைத் தேடிப் போனார்கள். தஹியா இந்தப் பக்கம் பார்த்து, “அங்கிள், ஹோ கயா” என்றார், முடிந்துவிட்டது என்று. தோம்பா அவர் தோளில் கை வைத்து அந்தப் பக்கம் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அனன்யா எழுந்திருக்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்துவிட்டது. இடுப்போரத்திலிருந்த அவள் கை தரையில் கிடந்தது. முழங்காலுக்கும் அவர் விலாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காலை ஊன்றி ஒரு தடவை தள்ளினால் போதும். செவ்வாய்க்கிழமைதான் பழகியவர்கூட அதைப் பார்த்திருப்பார். கல்யாணராமனும் பார்த்தார்.

காற்றில் நின்ற கை மெதுவாக இறங்கி, கனமான அந்த அங்கியின் முதுகில் படிந்தது. தோம்பா அடுத்த சுற்றுக்கு மணியை அமுக்கினார். கல்யாணராமன் கிடந்த இடத்திலேயே கிடந்தார்.